மேனி பேணலும் மரம் பேணலும்

உடலைத் தூய்மையாக வைத்தல் செல்வர்க்கே உரிய அலங்காரமன்று. உண்டியும் உடையும் போல அஃது எல்லார்க்கும் வேண்டப்படுவதொன்றாம். நம் நாட்டு இல்லங்களிலே, சில தலைமுறைகட்கு முன்னர்வரை, ஸ்நான அறையின் மாடத்திலே பயற்றமாவுச் சம்புடமும், சீயக்காய்த் தூள் நிறைந்த டப்பாவும், நல்லெண்ணெய்க் கிண்ணமும் தவறாது காணப்பட்டன. பின்னர்க் கடைச் சவுக்காரமும் பலவகைக் களிம்புகளும் வந்து அவற்றின் இடத்தைக் கைக்கொண்டன. இந்நாளிலோ, கற்றோர் பலர் பழைய பொருள்களை மீண்டும் நாடத் தலைப்பட்டிருக்கின்றனர். 'இயற்கை' என்னும் ஒரு சொல்லை மேலே பொறித்துவிட்டால் எப்பொருளும் எளிதில் விலைபோகும் காலம் இது.

இவ்விருப்பத்தை நாம் வரவேற்கிறோம். ஆயினும், வரவேற்குமுன் இரண்டு வினாக்களை எழுப்புதல் கற்றோர் கடமையாகும். முதலாவது, இப்பொருள் நம் தோலுக்கு உண்மையாகவே நலஞ் செய்யுமா என்பது. இரண்டாவது, இப்பொருளைத் தந்த செடியோ மரமோ, நாம் வேண்டியதை எடுத்துக்கொண்ட பின்னும் உயிரோடு நிற்குமா என்பது. முதல் வினாவை மருத்துவ நூலாரிடமும் இரண்டாவதைத் தாவர நூலாரிடமும் கேட்டு, இரண்டு விடைகளையும் ஒருங்கே வைத்து நோக்கினாலன்றி, இல்லத்துக் குளியற்பொடியைக் குறித்து நாம் சரியானதொரு முடிவுக்கு வருதல் இயலாது. அங்ஙனம் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

தோலின் இயல்பு

நம் சரீரத்தின் உறுப்புக்களிலே தோலும் ஒன்றென்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வளர்ந்த மனிதரொருவரின் தோலை விரித்துப் பார்த்தால் அஃது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் பரப்புடையதாக இருக்கும். அதன் மேற்புறத்தில் உயிரற்ற அணுக்கள் ஓடு வேய்ந்தாற்போல் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அவ்வடுக்குகளினிடையே ஒருவகைக் கொழுப்பு, செங்கற்களினிடையே பூசிய சுண்ணம் போல நின்று, உள்ளிருக்கும் நீர் வெளியேறாதபடியும் வெளியிலுள்ள கிருமிகள் உட்புகாதபடியும் காவல் செய்கிறது. அடியிலே புதிய அணுக்கள் தோன்றி, ஏறக்குறைய நான்கு வாரங்களில் மேலே வந்து, தாமே உதிர்ந்துபோகின்றன. ஆதலின், அழுக்கென்று நாம் தேய்த்து எடுப்பதில் ஒரு பகுதி நம் தோலேயாம்.

தோலின் மேற்பரப்பு சிறிதளவு புளிப்புத் தன்மை உடையது. இரசாயன நூலார் வழங்கும் பிஎச் அளவையால் சொல்லின், அஃது ஏறக்குறைய 5 ஆகும். இந்த மெல்லிய அமிலத்தன்மை, தீய கிருமிகள் பெருகுவதைத் தடுத்து நிற்கும். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சவுக்காரமோ 9 அல்லது 10 என்னும் அளவுள்ள காரப்பொருள். நலமுள்ள தோல் சவுக்காரம் பட்ட சில மணி நேரத்திற்குள் தன் பழைய நிலையை அடைந்துவிடும். குழந்தைகள், முதியோர், கரப்பான் முதலிய நோயுற்றோர் ஆகியோரின் தோல் அவ்வளவு விரைவில் அடைவதில்லை. குடும்பத்தார் அனைவர்க்கும் ஒரே பொருள் ஒத்துவராமைக்கு இதுவே முதற் காரணம்.

இவ்விடத்தில் மற்றொன்றும் சொல்லுதல் வேண்டும். தோலின் கருமை அழுக்கன்று. மெலனின் என்னும் வண்ணப்பொருள், வெயிலின் தீய கதிர்களினின்று நம்மைக் காக்கும் குடையாக உள்ளது. எந்த மாவும் எந்த மஞ்சளும் ஒருவரது பிறவி நிறத்தை மாற்றா; மாற்ற வேண்டுவதுமில்லை. நிறம் மாற்றுவதாகச் சொல்லி விற்கப்படும் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருந்ததைக் கண்டே, 2013-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட மினமாட்டா உடன்படிக்கையிலே அத்தகைய அழகுப்பொருள்களை ஒழிக்கும் விதியும் சேர்க்கப்பட்டது. வெண்மையை நாடிச் சிறுநீரகத்தை இழத்தல் அறிவுடைமையாகாது.

அழுக்கு நீங்கும் வகை

அழுக்கு என்பது பெரும்பாலும் எண்ணெய்ப்பசையிலே ஒட்டிக்கொண்ட தூசியாம். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா. ஆதலின் வெறும் நீரால் அழுக்கு முழுதும் போவதில்லை. இத்தடையை நீக்க மக்கள் மூன்று வழிகளைக் கண்டனர்.

முதலாவது சவுக்காரம். கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் கிளறினால் சவுக்காரமும் கிளிசரினும் உண்டாகின்றன. பிரெஞ்சு நாட்டு லெப்லாங் 1791-ஆம் ஆண்டில், உப்பிலிருந்து சோடாக் காரம் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். அதனால் காரம் மலிந்தது. அந்நாட்டவரேயாகிய செவ்ரல் என்னும் அறிஞர் 1823-இல் வெளியிட்ட நூலிலே கொழுப்பின் இயல்பை விளக்கினார். அதன்பின் சவுக்காரத் தொழில் கைப்பழக்கத்தினின்று நீங்கிக் கணக்கிற்குட்பட்ட சாஸ்திரமாயிற்று. சவுக்கார அணுவின் ஒரு முனை எண்ணெயையும் மறுமுனை நீரையும் பற்றுகிறது. அதனால் அழுக்கு நீரோடு செல்லுகிறது.

இரண்டாவது, செடிகளிலேயே அமைந்த நுரைப்பொருள். சீயக்காய், பூந்திக்கொட்டை, உசிலையிலை முதலியவற்றில் சபோனின் என்னும் பொருள் இருக்கிறது. அதுவும் சவுக்காரத்தைப் போலவே இருமுனையால் பற்றும் இயல்புடையது. ஆனால் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. சுண்ணச்சத்து மிகுந்த கடின நீரிலே சவுக்காரம் திரிந்து, நுரையாமல், வெண்பிசுக்காகத் தலைமயிரில் படியும். சபோனின் அங்ஙனம் திரிவதில்லை. மேலும் சீயக்காய் ஊறிய நீர் சிறிது புளிப்புடையது. தோலின் இயல்போடு ஒத்துப்போவது. கிணற்று நீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் உள்ள ஊர்களிலே நம் முன்னோர் சீயக்காயை விடாது போற்றியது காரணமின்றியன்று.

மூன்றாவது, மாவு. பயற்றமாவின் நுண்டுகள்கள் எண்ணெயை உறிஞ்சித் தம்மோடு இழுத்துச் செல்லுகின்றன. இதில் நுரை மிகுதியாக இல்லை. ஆனால் தோலிலுள்ள கொழுப்பு முழுவதையும் வழித்தெடுக்கும் கடுமையும் இல்லை. எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பழைய அழுக்கை எண்ணெய் இளக்குகிறது. இளகிய எண்ணெயை மாவும் சீயக்காயும் எடுக்கின்றன.

எதை எடுக்கிறோம்?

இனி இரண்டாவது வினாவிற்கு வருவோம். மூலிகை என்று சொன்னவுடன் அது தானே முளைக்கும், எடுக்க எடுக்கக் குறையாது என்று எண்ணிவிடுகிறோம். அஃது உண்மையன்று. ஒரு செடியின் எப்பகுதியை எடுக்கிறோம் என்பதைக் கொண்டே அதற்கு நேரும் தீங்கை அளத்தல் வேண்டும்.

இலையை எடுத்தால் செடி மீண்டும் தழைக்கும். உசிலை மரத்தின் இலையை உலர்த்தி இடித்துத் தலைக்குத் தேய்ப்பது கொங்கு நாட்டிலும் மதுரை வட்டாரத்திலும் வழக்கம். அதனை அரப்பு என்பர். மரத்திற்கு யாதொரு கேடும் இல்லை. வேறு சில ஊர்களில் இலுப்பைப் பிண்ணாக்கையே அரப்பு என வழங்குவர். அதுவும் நல்ல பொருளே. எண்ணெய் ஆட்டிய பின் எஞ்சும் சக்கையாதலால் அதற்கென்று தனியாக எதையும் அழிக்க வேண்டுவதில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை என்னும் பழமொழியால் நாம் அறிந்த அம்மரம், நட்டவர் காலத்திலன்றி அடுத்த தலைமுறையிலேயே மிகுந்த பயன் தருவது. ஆதலின் புதிதாக நடுவாரும் அரியர்.

பூவையும் காயையும் எடுக்குங்கால் சிறிது எச்சரிக்கை வேண்டும். ஏனெனில் பூவே காயாகி வித்தாகவேண்டியது. தரிசு நிலங்களிலே பொன்னிறமாகப் பூக்கும் ஆவாரையைப் பார்த்து, 'இதற்கென்ன குறைவு' என்று முழுவதும் பறித்துவிட்டால், தேனீக்கு உணவும் அடுத்த ஆண்டிற்கு விதையும் இல்லாது போகும். ஒரு செடியிற் பாதிக்குமேல் பறியாதிருத்தல் நலம். சீயக்காய் முள்நிறைந்த காட்டுக்கொடி. உயர்ந்த மரங்களின்மேல் ஏறிப் படர்வது. பழுத்த காய்களைத் துரட்டியால் பறிப்போரும் உண்டு. அவசரத்தால் கொடியையே அடியோடு வெட்டிக் கீழே தள்ளிக் காய் கொய்வோரும் உண்டு. இருவர் கொண்டுவந்த காயும் சந்தையில் ஒரே விலைக்குப் போகிறது. கொடியைக் காத்தவனுக்கு ஒரு காசும் கூடுதலாகக் கிடைப்பதில்லை என்பதே இதிலுள்ள துன்பம்.

வேரையும் கிழங்கையும் எடுத்தால் செடி போய்விடும். ஆகவே அவற்றைப் பயிரிட்டே பெறுதல் வேண்டும். கடலூர் வட்டாரத்து மணற்பாங்கான நிலங்களிலே வெட்டிவேர் பயிராகிறது. வேரைத் தோண்டியெடுத்தபின் தூரின் மேற்பகுதியைப் பிளந்து மீண்டும் நடுகின்றனர்; ஒரு பயிரே அடுத்த பயிருக்கு நாற்றாகிறது. ஆனால் அதே வெட்டிவேர் ஓடைக்கரையிலோ மலைச்சரிவிலோ மண்ணைப் பிடித்து நிற்குமாயின் அதனைத் தோண்டலாகாது. தோண்டின் அடுத்த மழையில் கரையும் உடன் போகும். கோரைக்கிழங்கோ இவ்விதிக்குப் புறம்பானது. வயலிலே உழவன் எவ்வளவு களைந்தாலும் மீண்டும் முளைத்து அவனை வாட்டும் களை அது. அதனை எடுப்பதால் உழவர்க்கும் உதவி, நமக்கும் நறுமணம்.

மரத்தின் பட்டையையும் வைரத்தையும் எடுப்பதே எல்லாவற்றிலும் கொடியது. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் மரம் படும்; வைரத்தை எடுக்கவேண்டின் மரத்தையே வீழ்த்தவேண்டும். இதற்குச் சந்தனமே தக்க சான்று.

சந்தனத்தின் கதை

சந்தன மரம் விந்தையான வாழ்க்கையுடையது. தனக்கு வேண்டிய உணவிற் பகுதியைத் தன் இலையால் செய்துகொண்டு, மற்றைப் பகுதியைப் பக்கத்து மரங்களின் வேரிலே தன் வேரைப் பொருத்தி உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின் துணைமரம் இல்லாத இடத்தில் அது செழிப்பதில்லை. நறுமண எண்ணெய் அதன் உள்வைரத்திலும் வேரிலுமே உண்டாகிறது. வைரம் திரளப் பல ஆண்டுகள் செல்லும். வேரிலும் எண்ணெய் உள்ளமையால், மரத்தை அடியில் வெட்டாமல் வேரோடு தோண்டியே எடுப்பர். அதனால் அடித்தூரிலிருந்து தளிர்ப்பதற்கும் வழியில்லாது போகிறது.

மைசூர் நாட்டிலே 1792-ஆம் ஆண்டில் திப்பு சுல்தான் சந்தனத்தை அரசமரமாக விளம்பினார். 1899-ஆம் ஆண்டில் குடகு நாட்டிலே, சந்தனத்தின் இலைகளைச் சிறுக்கச் செய்து மரத்தையே கொல்லும் கூர்நோய் கண்டறியப்பட்டது. முதல் உலகப் போரினால் சந்தனக்கட்டை ஐரோப்பாவிற்குச் செல்வது தடைப்பட்ட காலத்தில், 1916-இல் பெங்களூரிலே அரசாங்கத்தார் சந்தன எண்ணெய் வடிக்கலாயினர். அதிலிருந்தே பெயர்பெற்ற சந்தனச் சவுக்காரமும் பிறந்தது. இவ்வாறு புகழ் பெருகப் பெருகக் காட்டிலே மரம் அருகியது. தனியார் நிலத்தில் தானே முளைத்த சந்தனமும் அரசாங்கத்திற்கே உரியதென்றிருந்த நாளில், உழவர் அதன் கன்றைக் கண்டவுடன் பிடுங்கியெறிந்தனர். வளர்த்தால் தொல்லையன்றி வேறில்லை என்று அவர் எண்ணியது இயல்பே. 2001-ஆம் ஆண்டில் கர்நாடகமும் 2002-ஆம் ஆண்டில் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, நிலத்துக்குரியவர்க்கே மரத்தின் உடைமையை வழங்கின. அதன்பின் தோட்டங்களில் சந்தனம் நடுவோர் தோன்றினர். உடைமையும் நியாயமான விலையும் கிடைத்தால் மரத்தைக் காக்க மக்களே முன்வருவர் என்பதை இதனால் அறிகிறோம்.

செஞ்சந்தனத்தின் நிலையும் இத்தகையதே. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு பகுதியிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத அம்மரம், 1995 முதல் உலக வாணிக உடன்படிக்கையின் காவற்பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறது. முகத்திற் பூசும் ஒரு கரண்டிப் பொடிக்காக இம்மரங்களை நாட வேண்டுவதில்லை. நம் குளியற்பொடிக்குச் சந்தனம் இன்றியமையாததன்று.

கடைச் சவுக்காரமும் இவ்வினாவிற்குத் தப்பியதன்று. அதிற் பெரும்பகுதி, இந்தோனேசியா, மலேசியா முதலிய நாடுகளினின்று வரும் எண்ணெய்ப்பனையின் கொழுப்பினாற் செய்யப்படுவது. அப்பனைக்காக அந்நாடுகளில் பெருங்காடுகள் அழிந்தன. ஆயினும் ஒரு காணி நிலத்தில் எண்ணெய்ப்பனை தரும் அளவு எண்ணெயை வேறெப்பயிரும் தருவதில்லை; அதனை முற்றும் விலக்கினால் மற்றப் பயிர்களுக்கு இன்னும் மிகுதியான நிலம் வேண்டியிருக்கும். ஆதலின் விலக்குதலினும், காடழிக்காது விளைந்ததைத் தேர்தலே சிறந்த வழி. எளிய விடை எங்கும் இல்லை என்பதை மாணாக்கர் மனத்திற் கொள்வாராக.

செய்முறை

இனி வீட்டிலே செய்யத்தக்க மூன்று பொருள்களைக் கூறுவோம்.

முதலாவது, குளியல் மாவு. திருமணத்தில் நலங்கு வைக்கப் பயன்படுவதால் நலங்கு மாவு என்றும் இதற்குப் பெயர். பச்சைப்பயறு 700 கிராம், உலர்ந்த ஆவாரம்பூ 100 கிராம், உலர்ந்த ரோஜா இதழ், கோரைக்கிழங்கு, வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் வகைக்கு 50 கிராம். ஆக ஒரு கிலோகிராம். பூக்களை நிழலிலும், பயற்றையும் கிழங்குகளையும் வெயிலிலும், கையால் ஒடித்தால் முறியும்வரை உலர்த்துக. வெட்டிவேரை மண்போக அலசிச் சிறு துண்டுகளாக நறுக்கிக் காயவைத்தல் வேண்டும். யாவற்றையும் அரைத்து, மெல்லிய துணியிலே சலித்துக்கொள்க. திப்பி நின்றால் தோலைக் கீறும்.

அரைவை இயந்திரத்திற்கு அனுப்புவோர்க்கு ஒரு சொல். மிளகாய் அரைத்த இயந்திரத்தில் இம்மாவை அரைத்தால் குழந்தையின் மேனி எரிந்து துடிக்கும். ஆதலின் முதலில் இரண்டு கைப்பிடி அரிசியை இட்டு அரைத்தெடுத்து அதனை நீக்கிவிட்டுப் பின்னரே மாவை அரைக்கச் சொல்லுக. அல்லது வீட்டு இயந்திரத்திலேயே அரைத்துக்கொள்க.

இரண்டாவது, தலைக்குரிய தூள். சீயக்காய் 500 கிராம், பச்சைப்பயறு 200 கிராம், வெந்தயம், பூந்திக்கொட்டையின் தோல், உலர்ந்த செம்பருத்தி இலை வகைக்கு 100 கிராம். பூந்திக்கொட்டையின் உள்ளிருக்கும் கறுப்பு விதையை நீக்கிவிடுதல் வேண்டும். வெந்தயமும் செம்பருத்தியும் நீரிற் குழைந்து வழவழப்பாகி மயிரின் சிக்கை நீக்கும். இத்தூள் கண்ணிற் பட்டால் மிகவும் எரியும். பட்டால் உடனே நல்ல நீரால் கழுவுக. மேலும், சபோனின் மீன்களுக்கு நஞ்சாகும். ஆதலின் குளத்திலும் ஓடையிலும் நின்று இதனைத் தேய்த்துக் குளிக்கலாகாது. கழுநீரை வாழைக்கோ தென்னைக்கோ விடுக.

மூன்றாவது, பித்தவெடிப்பிற்கும் வறண்ட கைகளுக்கும் உரிய களிம்பு. தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் 80 கிராம், தேன்மெழுகு 20 கிராம். மெழுகு தாவரப்பொருளன்றாயினும், தேன் எடுத்தபின் எஞ்சும் பொருளாதலால் இங்குச் சேர்த்தோம். கொதிநீர்ப் பாத்திரத்தினுள் மற்றொரு சிறு பாத்திரத்தை வைத்து, அதிலே இரண்டையும் உருக்கிக் கலந்து, உலர்ந்த சிமிழில் ஊற்றி ஆறவிடுக. இதில் நீர் ஒரு துளியும் இல்லாமையால் சில மாதங்கள் கெடாது. குளித்தவுடன், ஈரம் சிறிது இருக்கும்போதே பூசினால், அவ்வீரம் உள்ளேயே தங்கும்.

சவுக்காரம் செய்ய விரும்புவோர் அதனை வீட்டுச் சமையலறையிற் செய்யாது, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் முன்னிலையிற் செய்வாராக. 1,000 கிராம் தேங்காயெண்ணெய் முழுதும் சவுக்காரமாவதற்குச் சோடியம் ஹைடிராக்சைடு 183 கிராம் வேண்டும். தோலுக்கு இதமாகும்பொருட்டு நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெயை மாறாது விட வேண்டுமாயின், 174 கிராம் போதும். காரத்தையே நீரிற் சிறிது சிறிதாக இடவேண்டும். நீரைக் காரத்தின்மேல் ஊற்றலாகாது. அலுமினியப் பாத்திரம் கூடாது. கண்ணுக்கும் கைக்கும் காப்பு வேண்டும். வார்த்த கட்டிகளை நான்கு முதல் ஆறு வாரம்வரை காற்றாட வைத்தபின்னரே பயன்படுத்தல் தகும்.

இயற்கை என்பதனாலே நல்லதென்று கொள்ளலாகாது

எட்டிக்காயும் இயற்கைப்பொருளே என்பதை நினைவிற் கொண்டால், இத்தலைப்பின் பொருள் விளங்கும்.

பல இல்லங்களில் குளியல் மாவிலே கார்போகரிசியைச் சேர்க்கின்றனர். அதிலுள்ள சொரலென் என்னும் பொருள் தோலிற் பட்டபின் வெயில் பட்டால் தோல் சிவந்து கொப்பளிக்கக்கூடும். வெண்புள்ளி நோய்க்கு மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மருந்தை நாள்தோறும் குழந்தைக்குப் பூசுதல் தகாது. எலுமிச்சைச் சாற்றை முகத்திற் பூசி வெயிலிற் செல்வோர்க்கும் இத்தகைய புண்ணும், பின்னர்க் கருந்தழும்பும் உண்டாகும்.

மஞ்சளைக் குறித்தும் விழிப்பு வேண்டும். வங்காளதேசத்திலே 2019-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வினால், மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேட்டு என்னும் நஞ்சைக் கலந்தமை வெளிப்பட்டது. ஈயம் குழந்தைகளின் மூளையை வாட்டுவது. ஆதலின் மஞ்சளைத் தூளாக வாங்காது கிழங்காகவே வாங்கி, கழுவி, நாமே அரைத்துக்கொள்ளுதல் நலம். கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரால் விற்கப்படுவதெல்லாம் கஸ்தூரி மஞ்சளன்று. உண்மையான கிழங்கின் உட்புறம் வெளிர் நிறமாயும் கற்பூர மணமுடையதாயும் இருக்கும். தோலிற் கறையும் பெரிதும் பிடியாது.

பச்சிளங்குழந்தைக்கு எப்பொடியும் வேண்டுவதில்லை. இளஞ்சூடான நீரே போதும். பொடியைத் தூவினால் அது மூச்சோடு நுரையீரலிற் செல்லும். மாவு கழுத்து மடிப்பிலும் தொடையிடுக்கிலும் தங்கிப் புளித்துப் புண்ணாக்கும். சாம்பிராணிப் புகையும், கற்பூரம் கலந்த எண்ணெயும் கைக்குழந்தைக்கு ஆகா. கற்பூரம் வலிப்பை உண்டாக்க வல்லது. வேப்பெண்ணெயையும் வசம்பையும் உள்ளுக்குக் கொடுப்பதும் தீது. ஓராண்டு நிறைந்தபின், மாவை நீரிற் குழைத்து, கண்ணும் மூக்கும் வாயும் நீக்கி, மெதுவாகத் தடவிக் கழுவலாம்.

யாராயினும் புதிய பொருளைப் பயன்படுத்துமுன், முழங்கையின் உட்புறத்திலே சிறிது பூசி, இரண்டு நாள் பார்த்தல் வேண்டும். சிவப்போ அரிப்போ கண்டால் அப்பொருளை விலக்குக. கரப்பான் நோயுள்ளோர் மருத்துவரைக் கேளாது எதையும் பூசலாகாது.

பாதுகாப்பைப் பற்றி ஒரு விதி போதும்: ஈரமே கேட்டிற்கு வித்து. உலர்ந்த பொடி, இறுக மூடிய பாத்திரத்தில் மூன்று மாதம் நிற்கும். அதனுள் ஈரக்கையை விட்டால் பூஞ்சை பிடிக்கும். கற்றாழைச் சாறு, குழைத்த மாவு முதலிய நீருள்ள பொருள்களை அன்றன்று செய்து அன்றன்றே முடித்துவிடுக. நிறமும் மணமும் மாறிய பொருளை உரக்குழியில் இடுக.

வாங்கும் வகையும் வளர்க்கும் வகையும்

நல்ல பொருளைத் தேடுவோர் விலையை மட்டும் கேளாது, 'எங்கு விளைந்தது? யார் பறித்தார்? எப்பகுதி எடுக்கப்பட்டது?' என்று மூன்று வினாக்களையும் கேட்பாராக. 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம், காடுவாழ் மக்களுக்குச் சீயக்காய், தேன், நெல்லி முதலிய சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை உறுதிசெய்கிறது. அவர்கள்தம் கூட்டுறவுச் சங்கங்களின் வாயிலாக வாங்கும்போது, இடைத்தரகர்க்குச் செல்லும் பொருள் கொடியைக் காத்தவர்க்குச் செல்லும். ஒரு பலம் சீயக்காய்க்குச் சில காசு மிகுதியாகக் கொடுப்பது தானமன்று. அடுத்த ஆண்டும் அக்கொடி காய்ப்பதற்கு நாம் கொடுக்கும் விலையாம்.

இதனினும் சிறந்தது நாமே வளர்த்தல். செம்பருத்தி, கற்றாழை, கஸ்தூரி மஞ்சள் ஆகியவை வீட்டுக் கொல்லையிலும் தொட்டியிலும் வளரும். குளியலறை நீர் வடியும் வாய்க்காலோரத்தில் வெட்டிவேரை நட்டால், அது மண்ணைப் பிடித்து நிற்பதோடு வீணாகும் நீரையும் பயன்படுத்திக்கொள்ளும். கல்லூரி வளாகத்தின் வறண்ட மூலைகளில் ஆவாரையும், வேலியோரத்தில் உசிலையும் இலுப்பையும் வைக்கலாம். தாவர நூல் கற்கும் மாணாக்கர் அவற்றிற்குப் பெயர்ப்பலகை எழுதட்டும். இரசாயனம் கற்போர் சீயக்காய் நீரின் புளிப்பையும் சவுக்கார நீரின் காரத்தையும் அளந்து பார்க்கட்டும். தமிழ் கற்போர் தத்தம் ஊரிலே பாட்டியர் வழங்கும் பெயரையும் பக்குவத்தையும் கேட்டு எழுதிவைக்கட்டும்.

எழுதிவைத்தல் வீண்வேலையன்று. 1995-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே, மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கே காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டு அறிவியல் தொழில் ஆய்வுக் கழகத்தார் பழைய நூற்சான்றுகளைக் காட்டி வழக்காடியமையால், 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. நம் அடுக்களையில் வழங்கிய அறிவை நம்முடையதென்று மெய்ப்பித்தது எழுத்தேயன்றி வாய்ச்சொல்லன்று. இன்னும் எழுதப்படாத பக்குவங்கள் எத்தனையோ, சொல்லுவாரோடு மறைந்து வருகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், மேனியைப் பேணுதலும் மரத்தைப் பேணுதலும் இருவேறு கடமைகளல்ல என்பது பெறப்படும். பழையதென்பதாலே ஒன்றைப் போற்றுதலும், கடையில் விற்பதென்பதாலே ஒன்றை இகழ்தலும் ஆராய்ச்சி ஆகா. சவுக்காரத்தால் கைகழுவி நோயினின்று தப்பியோர் கோடிக்கணக்கானவர்; அதனை நாம் குறைத்துக் கூறோம். உண்ணுமுன்னும் நோயுற்றோரைத் தொடுமுன்னும் கைகழுவச் சவுக்காரமே தக்கது. நாள்தோறும் மேனி முழுதும் குளிக்க மாவும், தலைக்குச் சீயக்காயும், வறட்சிக்கு எண்ணெயும் என இடமறிந்து பயன்படுத்துதலே குடும்பத்திற்கு ஏற்றது.

நம் மாணாக்கர் விடுமுறைக்கு வீடு செல்லுங்கால், மாடத்திலுள்ள பழைய சம்புடத்தைத் திறந்து, அதிலுள்ள ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, இது செடியின் எப்பகுதி, எந்த ஊரில் விளைந்தது, யார் மேனிக்கு ஏற்றது, யாருக்கு ஆகாது என்று வீட்டாரோடு இருந்து ஆராய்வாராக. இலையும் பூவும் கிழங்குமாகத் தாமே வளர்க்கக்கூடியவற்றை ஒரு தாளிற் குறித்துக்கொண்டு, மழைக்காலம் தொடங்குமுன் அவற்றுள் இரண்டையேனும் நடுவாராக. கல்லூரியிற் கற்ற தாவர நூலும் இரசாயனமும் அப்பொழுதே இல்லத்திற்குப் பயன்பட்டனவாகும்.